"ஹேங் ஆயிடுச்சு" என்றால் என்ன ஆயிடுச்சு? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

போன் அடிக்கிறது. எடுத்ததும் வரும் முதல் வாக்கியம் இதுதான்:

"அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு."

"மவுஸ் நகருதா?"

"நகருது."

"கீழே கடிகாரம் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"அப்ப சிஸ்டம் ஹேங் ஆகலப்பா. எது ஹேங் ஆச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "எக்செல்."

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இந்த உரையாடல் மனப்பாடம். "உடம்பு சரியில்லை" என்ற ஒரே வார்த்தையில் தலைவலியையும் மாரடைப்பையும் சொல்வதுபோல, 'ஹேங்' என்ற ஒரே வார்த்தையில் ஏழெட்டுக் கோளாறுகளைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குக் காத்திருப்பதுதான் மருந்து; இன்னொன்றில் ஒரு நிமிடம் காத்திருந்தாலும் போட்டோவெல்லாம் போய்விடும்.

வார்த்தையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. 'தொங்குகிறது' என்று மொழிபெயர்த்துச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். 'ஸ்ட்ரக் ஆயிடுச்சு' என்பதையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் 'ர' கிடையாது, நாம் சேர்த்துக்கொண்டது, இனி அது நம்முடையது. ஆனால் அதே வார்த்தையை எப்படி முடிக்கிறீர்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. "ஹேங் ஆயிடுச்சு" என்றால் ஒருமுறை நடந்து இப்போது நிற்கிறது. "ஹேங் ஆகுது" என்றால் அடிக்கடி நடக்கிறது. "ஹேங் ஆகி ஆகி வருது" என்றால் நிற்கிறது, தானே எழுந்துகொள்கிறது, மறுபடி நிற்கிறது. முதலாவதுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் காரணம். இரண்டாவதுக்கு டிரைவரோ (சாதனங்களை இயக்கும் குட்டி மென்பொருள்) ரேமோ சூடோ. மூன்றாவதைக் கேட்டவுடன் எனக்கு டிஸ்க் ஞாபகம்தான் வரும். இலக்கண வகுப்பில் தூங்கியவர்களும் இந்த வித்தியாசத்தைத் தப்பாமல் பேசுகிறார்கள். கேட்கிற நாங்கள்தான் கவனிப்பதில்லை.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

மூன்று சோதனை. மவுஸ் நகருகிறதா? திரையில் கடிகாரம் ஓடுகிறதா? கேப்ஸ் லாக் அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. "இந்த விசையை அழுத்தினார்கள்" என்று கீபோர்டு ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லும். "சரி, விளக்கைப் போடு" என்று சிஸ்டம் திருப்பிச் சொல்லும். ஆக விளக்கு எரிந்தால் உள்ளே யாரோ உயிரோடு இருக்கிறார்கள், திரை என்ன கதை சொன்னாலும் சரி. நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. உங்கள் லேப்டாப்பில் கேப்ஸ் லாக் விளக்கு இல்லையென்றால் 'நம் லாக்' (Num Lock) விளக்கைப் பாருங்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: அந்த விளக்குகள் தாமாகவே விட்டுவிட்டு எரிந்தால் அது கர்னல் பேனிக், சிஸ்டத்தின் மையமே நின்றுபோன நிலை. நாடி பார்க்கத் தேவையில்லை, ரீஸ்டார்ட்தான்.

"வெள்ளையா ஆகி சுத்திக்கிட்டே இருக்கு"

மவுஸ் நகருகிறது, மற்ற விண்டோக்கள் வேலை செய்கின்றன, ஒன்று மட்டும் வெளுத்துப்போய் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. எனக்கு வரும் அழைப்புகளில் மிக அதிகம் இதுதான்.

அந்த எழுத்தைப் பார்த்தவுடன் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "செத்துவிட்டது" என்று விண்டோஸ் சொல்லவில்லை. நீங்கள் செய்கிற கிளிக், தட்டுகிற எழுத்து எல்லாம் ஒரு வரிசையில் நின்று அந்தப் புரோகிராமுக்குப் போகின்றன. 5 விநாடி அந்த வரிசையை அது எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் அதன் விண்டோவை நகல் எடுத்து வெளுக்க வைத்து முன்னால் நிறுத்துகிறது. நீங்கள் பார்ப்பது அந்த நகலைத்தான். உள்ளே புரோகிராம் மும்முரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம், முடிவே இல்லாத சுழலில் மாட்டிக்கொண்டும் இருக்கலாம். எது என்று விண்டோஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது: எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொது வழி ஒன்று இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார். அதனால்தான் 5 விநாடி என்ற ஊகம்.

அதனால் அந்த ஊகத்தை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். நின்றுபோன புரோகிராமின் வரிசையைப் பாருங்கள். சிபியு, டிஸ்க் எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது உழைக்கிறது, டீ குடித்துவிட்டு வாருங்கள். சிபியு ஒரே எண்ணில் அசையாமல் நிற்கிறது, டிஸ்கும் நினைவகமும் கொஞ்சமும் மாறவில்லை என்றால் சுழலில் மாட்டியிருக்கிறது. எல்லாமே பூஜ்யம் என்றால் வேறு எதற்கோ காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பில்தான் சுவாரஸ்யமே. ஒருமுறை ஒருவருக்கு எக்செல் திறந்தாலே ஒரு நிமிடம் வெள்ளையாக நின்றது. எக்செலை அழித்துப் புதிதாகப் போட்டார்கள், மாறவில்லை. சிபியு பூஜ்யம். கடைசியில் பார்த்தால், முன்பு இருந்த இடத்தில் பயன்படுத்திய நெட்வொர்க் பிரிண்டர்தான் இன்னும் டீஃபால்ட்டாக இருந்தது. பக்கத்தின் ஓரங்களைக் கணக்கிட எக்செல் அந்த பிரிண்டரைக் கேட்கிறது. அந்த முகவரியில் பிரிண்டர் இல்லை. பதில் வரும்வரை நிற்கிறது. டீஃபால்ட் பிரிண்டரை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றினோம். அவ்வளவுதான். மை கம்ப்யூட்டரைத் திறந்தாலே பச்சைக்கோடு ஊர்ந்துகொண்டிருக்கிறதா? இதே கதைதான், அங்கே குற்றவாளி இணைப்பு அறுந்த நெட்வொர்க் டிரைவ்.

எதற்குக் காத்திருக்கிறது என்று கேட்கவும் வழி உண்டு, பலருக்குத் தெரியாது. டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், புரோகிராமின் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுங்கள். இது அதற்காக, அது இன்னொன்றுக்காக என்று சங்கிலி தெரியும். இரண்டு புரோகிராம்கள் ஒன்றை ஒன்று எதிர்பார்த்து, "நீ முதல்ல விடு" "இல்ல நீ முதல்ல விடு" என்று நிற்பதும் உண்டு. டெட்லாக் என்பார்கள். அங்கே எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. ஒன்றை 'எண்ட் டாஸ்க்' செய்தால்தான் மற்றது நகரும்.

எண்ட் டாஸ்க் கொடுத்தால் சேமிக்காத வேலை போகும். ஆபீஸ் புரோகிராம்கள் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தாமாக ஒரு நகல் எடுத்துவைக்கும். மறுபடி திறக்கும்போது இடப்பக்கம் அதைக் காட்டும். அதைப் பார்க்காமல் பட்டென்று மூடிவிடாதீர்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பிரவுசரில் ஒரு டேப் மட்டும் நின்றால் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். குரோமுக்கு என்று தனி டாஸ்க் மேனேஜர் வரும், அந்த டேபை மட்டும் முடித்துவிடலாம். மேக்கில் வானவில் சக்கரம் சுற்றினால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப்.

"எல்லாமே ஆமை மாதிரி இருக்கு"

இது ஹேங் இல்லை, திணறல். கிளிக் செய்தால் நடக்கிறது, ஆனால் அரை நிமிடம் கழித்து.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். மெமரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ரேமில் இடம் தீர்ந்தால் சிஸ்டம் அதில் கொஞ்சத்தை டிஸ்கில் இறக்கிவைத்து, கேட்கும்போது ஏற்றிக்கொள்ளும். நாற்பது பேருக்கு நாலு நாற்காலி போட்டால் உட்காருவதைவிட எழுந்து மாறுவதற்கே நேரம் போவதுபோல, வேலையைவிட ஏற்றி இறக்குவதற்கே நேரம் போய்விடும். திறந்துவைத்திருக்கும் எழுபது டேப்களை மூடுவதுதான் உடனடி மருந்து.

மெமரி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்றைய விண்டோஸை அதில் ஓட்டுவது அநியாயம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறுங்கள், புதுக் கணினி வாங்கியதுபோல இருக்கும், மிகைப்படுத்தவில்லை.

இன்னொன்று. "தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே போறேன்" என்பார்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டிருந்தால், சிஸ்டத்தின் மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போடும். நேற்றைய குப்பை இன்றைக்கும் இருக்கும். ரீஸ்டார்ட் மட்டும்தான் முதலிலிருந்து தொடங்கும். நம்பிக்கை இல்லையென்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் கீழே 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைக்கிற கணினி, 23 நாளாக ஓடுகிறது என்று சொல்லும். ஆகவே, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்ற கேள்வியை நான் நிறுத்திவிட்டேன். "ரீஸ்டார்ட் கொடுத்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.

"அப்படியே உறைஞ்சு நிக்குது"

மவுஸும் இல்லை, கடிகாரமும் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் 'ட்ர்ர்ர்' என்று ஒரே துண்டு திரும்பத் திரும்பக் கேட்கும். ஒலியட்டை கடைசியாகக் கையில் கிடைத்த துண்டையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறது. அடுத்ததைக் கொடுக்க ஆள் இல்லை. இதுதான் உண்மையான ஹேங்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா? மாறினால் திரை மட்டும்தான் போயிருக்கிறது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். 'பீப்' என்று ஒரு சத்தம், திரை ஒரு இமைப்பு. கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பல நேரம் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். அடுத்தது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர், உருவாக்கிக்கொண்டிருந்த கணினியைச் சட்டென்று ரீஸ்டார்ட் செய்வதற்காக வைத்த கூட்டு அது. தவறிப்போய் ஒரு கையால் அழுத்திவிடக் கூடாது என்றுதான் விசைகளைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார்.

விளக்கும் மாறவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். 5 முதல் 10 விநாடி. சில லேப்டாப்புக்கு இன்னும் கொஞ்சம். பட்டனைத் தட்டித் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சிஸ்டத்திடம் "தூங்கப் போ" என்று கேட்பதும், சிஸ்டத்தைக் கேட்காமலேயே மின்சாரத்தை அறுப்பதும் ஒரே பட்டனின் இரண்டு வேலைகள். இரண்டாவதுக்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் அப்டேட் ஓடுகிறது, அணைக்காதே என்று எழுதியிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பொறுங்கள்.

ஒருமுறை உறைந்தால் மறந்துவிடலாம். தினமும் உறைந்தால், அது எப்போது என்று ஒரு தாளில் குறியுங்கள். வீடியோ பார்க்கும்போதா, யுஎஸ்பி செருகும்போதா, தூக்கத்திலிருந்து எழும்போதா? நான்கு குறிப்பு சேர்ந்தால் போதும், குற்றவாளி பாதி அகப்பட்டுவிடும்.

"டக்குன்னு மூடிக்கிச்சு"

இதற்குப் பெயர் க்ராஷ். ஹேங்குக்கு நேர் எதிர்: அது போகாமல் நிற்கிறது, இது நிற்காமல் போகிறது. செய்யக் கூடாத ஒன்றைப் புரோகிராம் செய்கிறது, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொடுகிறது, சிஸ்டம் அதைத் தூக்கி வெளியே எறிகிறது. சில நேரம் மென்பொருள் க்ராஷ் நிஜ க்ராஷாகவே முடியும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதல்முறை பறந்தபோது, 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்தது ஒரு நிரல். திசைகாட்டும் கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே எண், அதுவும் நின்றது. புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராக்கெட் சிதறியது.

உங்கள் வேர்டு மூடிக்கொண்டதற்கு அவ்வளவு பெரிய விசாரணை வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள். ஒன்றைத் திறந்தால், எந்தப் புரோகிராம், அதற்குள் எந்த மாட்யூல் (உட்பகுதி) என்று இருக்கும். மாட்யூல் பெயர் உங்கள் புரோகிராமுடையது இல்லை, ஏதோ ஒரு ஆட்-இன் (மேலே சேர்த்த துணைப் புரோகிராம்) என்றால் அதைக் கழற்றுங்கள். வேர்டு, எக்செலுக்கு இன்னும் எளிது: கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே திறங்கள், சேஃப் மோடில், அதாவது கூடுதல்கள் எதுவும் இல்லாமல், வரட்டுமா என்று கேட்கும். அதில் ஒழுங்காக ஓடினால் ஆட்-இன்தான். ஒரே ஒரு கோப்பைத் திறந்தால் மட்டும் மூடிக்கொள்கிறதா? புரோகிராமைத் திட்டாதீர்கள், அந்தக் கோப்பு கரப்ட்.

அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய க்ராஷ் என்றால் புரோகிராமிலேயே வழு இருக்கலாம். 'பக்' என்பதற்குத் தமிழ்க் கணினியாளர்கள் பிடித்த இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நன்னூலில் திணை வழு, பால் வழு என்று ஏழு வழு உண்டு. தவறுதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளலாம் என்றால் அது வழுவமைதி. மென்பொருள் நிறுவனங்கள் 'தெரிந்த சிக்கல்' என்று பட்டியல் போட்டுவிட்டுச் சரிசெய்யாமல் விடுகிறார்களே, அதற்குப் பெயர் எப்போதோ தயாராக இருந்திருக்கிறது.

"நீலக் கலர்ல எழுத்து வந்துச்சு"

"என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்பேன். "படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு" என்பார்கள். எனக்குத் தேவையான ஒரே தகவல் அதில்தான் இருந்தது.

நீலத்திரை என்பது விபத்து இல்லை, அவசர பிரேக். சிஸ்டத்தின் மையத்திலேயே ஏதோ கெட்டுவிட்டது, இதற்குமேல் ஓடினால் உங்கள் கோப்புகளின் மேல் கண்டதை எழுதிவிடுவேன் என்று தானே நின்றுகொள்கிறது. விண்டோஸ் 8 முதல் அதில் சோக முகம் இருந்தது. 2025-ல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் முகத்தை எடுத்துவிட்டு, நீலத்தையும் கறுப்பாக்கிவிட்டார்கள். "கறுப்புத் திரை வந்துச்சு" என்று யாராவது சொன்னால் இப்போது அது எந்தக் கறுப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வேண்டியது கீழே உள்ள 'ஸ்டாப் கோட்'. போனை எடுத்து ஒரு படம் பிடியுங்கள். படம் பிடிக்க நேரம் தராமல் ரீஸ்டார்ட் ஆனால், சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி'யில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கோடில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் முதல் சந்தேகம் ரேம். 'வீடியோ டிடிஆர்' என்றால் கிராஃபிக்ஸ். 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. 'ஐஆர்க்யூஎல்' என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்; கூடவே 'சிஸ்' என்று முடியும் கோப்புப் பெயர் வந்தால் அதுவே முகவரி. நான் கைக்கொள்ளும் விதி இது: ஒவ்வொரு முறையும் ஒரே கோடு என்றால் மென்பொருள் பக்கம் தேடு, ஒவ்வொரு முறையும் வேறுவேறு கோடு என்றால் ரேமைச் சோதி. இரண்டு ரேம் துண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள், மறுநாள் மற்றதை. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது, அதையும் ஓட்டலாம். ஆனால் அது "பிழை இல்லை" என்று சொன்னாலும் நான் முழுதாக நம்புவதில்லை. கழற்றிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

சிஸ்டம் கோப்புகள் மேல் சந்தேகம் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ், எஃப், சி என்ற மூன்றெழுத்து, ஒரு இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று தட்டுங்கள். போனில் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். 'இடைவெளி' என்பதை எழுத்தாகவே தட்டியவர்களும் உண்டு.

விண்டோஸ் உள்ளேயே போகாமல் நீலத்திரை வந்துகொண்டே இருந்தால், தொடங்கும்போது இரண்டு மூன்று முறை பவரை அறுங்கள்; ரிகவரி பக்கம் தானே வரும். அங்கிருந்து சேஃப் மோட். 2024 ஜூலை 19 அன்று உலகமே செய்தது இதைத்தான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோப்பு தப்பாகப் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் ரத்து, மருத்துவமனைகளில் தவிப்பு. மருந்து என்னவென்றால் சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரிகவரி எண்ணையும் தட்ட வேண்டும். பலரும் "மைக்ரோசாஃப்ட் சர்வர் டவுன்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். டவுன் ஆனது சர்வர் இல்லை, மேசைமேல் இருந்த கணினிகள். உங்கள் கணினியில் பிட்லாக்கர் (டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி) இருந்தால் அந்த எண்ணை இன்றைக்கே எழுதி வேறு இடத்தில் வையுங்கள். அதே கணினிக்குள் வைக்காதீர்கள்.

"தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது"

எந்தத் திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, பட்டென்று போய்விடுகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதைத் தேடிப் பிடித்து "41 வந்திருக்குண்ணே" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது காரணம் இல்லை. "போனமுறை நான் முறையாக விடைபெறவில்லை" என்று எழுந்தபிறகு சிஸ்டம் எழுதிவைக்கும் குறிப்பு.

நேரத்தைப் பாருங்கள். ஆன் செய்து பத்திருபது நிமிடம் நன்றாக ஓடி, சுமை ஏறியதும் போனால், உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரம் போனால், சூடு. பல பிராசசர்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறமும் தணியவில்லை என்றால் அணைத்துக்கொள்ளும். விசிறியில் தூசியைத் தட்டுங்கள், லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். கனமான விளையாட்டு தொடங்கிய அதே நொடியில் போனால் பவர் சப்ளை. மேசையை இடித்தால் போனால், சிரிக்காதீர்கள், பிளக்.

தானாக ரீஸ்டார்ட் ஆவது எப்போதும் கெட்டதும் இல்லை. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் சில நாளில் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. முக்கியத்துவம் குறைந்த ஒரு பணி ஒரு பூட்டைப் பிடித்து வைத்திருக்க, முக்கியமான பணி அதற்காக நிற்க, "குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை" என்று காவல் கடிகாரம் ஒன்று மொத்தத்தையும் ரீஸ்டார்ட் செய்தது. அங்கே போய் பவர் பட்டனைப் பிடிக்க ஆள் இல்லையே. பூமியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள்.

"ஆனே ஆகல"

விளக்கு, விசிறி எதுவும் இல்லை என்றால் மின்சாரம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் பிடித்து, பிறகு சார்ஜரோடு முயலுங்கள். விசிறி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் மானிட்டர் கேபிள், பிறகு ரேமைக் கழற்றி மாட்டுவது. லோகோ வந்து வட்டம் சுற்றுகிறது என்றால் அது 'ஆன் ஆகல' இல்லை, 'பூட் ஆகல'. நீலத்திரைப் பகுதிக்குப் போங்கள்.

"உள்ளே டிக் டிக்குன்னு சத்தம்"

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டால், படிப்பதை நிறுத்திவிட்டுக் கணினியை அணையுங்கள்.

ஹார்ட் டிஸ்கின் தகட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றில் தகடு சுழல, முனை அதன்மேல் மிதக்கிறது. அது தகட்டில் மோதினால் ஹெட் க்ராஷ். தகட்டின் பூச்சு உரிந்து தூளாகும், அந்தத் தூளில் உங்கள் படங்களும் இருக்கும். டிக் டிக் என்பது முனை தன் இடம் தெரியாமல் போய்ப்போய்த் திரும்பும் சத்தம். மோதியே இருக்க வேண்டும் என்று இல்லை, முனையே பழுதாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் நஷ்டம். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், ஃப்ரீசரில் வைக்கிற வைத்தியம் வேண்டாம், திறந்து பார்க்கவே கூடாது. தரவு முக்கியம் என்றால் மீட்பு வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி சத்தம் போடாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காணாமல் போகும். அதற்கு பேக்கப் மட்டும்தான்.

"சர்வர் டவுன்"

இணையப் பக்கம் வரவில்லை. செய்தித்தாளில் இரண்டு விதமாக எழுதுவார்கள்: 'தளம் முடங்கியது', 'தளம் முடக்கப்பட்டது'. முடங்குவது தன்வினை, தானே படுத்துக்கொண்டது. முடக்குவது பிறவினை, யாரோ படுக்க வைத்தார்கள். இந்த ஒரு எழுத்து வித்தியாசம் பிழை நீக்குவதில் பெரிய வித்தியாசம். மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் முடங்கியிருக்கிறது, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அங்கே வந்து உங்கள் கணினியில் மட்டும் வரவில்லை என்றால் ஆன்டிவைரஸோ அலுவலக ஃபயர்வாலோ முடக்கியிருக்கலாம், அட்மினைக் கேளுங்கள். அதே வைஃபையில் போனில் வந்து கணினியில் வரவில்லை என்றால், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தப்பானால் பாதுகாப்பான தளங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கதவைச் சாத்தும்.

எதிலும் சேராதவை

மவுஸ் மட்டும் நகரவில்லை: பேட்டரி. டச்பேடு தானாகக் கிளிக் ஆகிறது, லேப்டாப் மேசையில் சமமாக உட்காரவில்லை: உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அணைத்துவிட்டு உடனே மாற்றுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். எழுத்தைத் தட்டினால் எழுத்து வராமல் ஏதேதோ திறக்கிறது: கன்ட்ரோல் விசையோ விண்டோஸ் விசையோ அழுந்தியே கிடக்கிறது.

கடைசியாகச் சொன்னது மாதிரி ஒன்று. மூத்த சகா ஒருவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, சிஸ்டம் ஹேங்கு. பக்கம் தானா கீழே கீழே ஓடிக்கிட்டே இருக்கு, நிறுத்தவே முடியல." ஓடுகிறதென்றால் அது எப்படி ஹேங் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நேரில் போனேன். போய், ஒரு கை அசைவில் சரி செய்துவிட்டேன்.

"அட! என்னப்பா பண்ண?"

"ஃபைலை நகர்த்தினேன்க்கா."

"எந்த ஃபோல்டருக்கு?"

"டேபிள் ஓரத்துக்கு. கீபோர்டு மேல இருந்துச்சு."